முற்றும் எச்சமும்

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய தலைப்பு அழைப்பிதழில் கொஞ்சம் நீளமாகவே அச்சாகிவிட்டது: ‘வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் இலக்கியத்திலும் கலைகளிலும் பால் பன்மை’. அதைப் படித்துவிட்டு ஒரு நண்பர் நேற்று தொலைபேசியில் கேட்டார்: “ஏன் சார், அவ்வளவு தூரம் போகணுமா?” போக வைத்தது ஒரு வினைமுற்றுதான். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் மொழிபெயர்ப்பு செய்கிறவன். கனடாவின் கிரீ இனத்தைச் சேர்ந்த டாம்ஸன் ஹைவே 1986-இல் மேடையேற்றிய ‘தி ரெஸ் ஸிஸ்டர்ஸ்’ என்ற நாடகத்தை, அச்சிடும் எண்ணமெல்லாம் இல்லாமல், எனக்காகத் தமிழில் போட்டுப் பார்த்தேன். அரசு ஒதுக்கிய குடியிருப்பில் வாழும் ஏழு பெண்கள், உலகத்திலேயே பெரிய பிங்கோ சூதாட்டம் டொரொன்டோவில் நடக்கிறது என்று கேள்விப்பட்டுக் கிளம்பிப் போகிற கதை. அவர்களைச் சுற்றிச் சுற்றி வருகிற பாத்திரம் நானபுஷ். பூர்வகுடிக் கதைகளில் வரும் தந்திரக்காரத் தெய்வம். ஏமாற்றும், ஏமாறும், சிரிக்க வைக்கும், போகிற போக்கில் உலகத்தைப் பற்றி ஏதாவது கற்றுக்கொடுத்துவிட்டும் போகும். நானபுஷ் மேடைக்குள் நுழைகிற இடம் வந்தது. ‘நானபுஷ் வந்…’ என்று எழுதினேன். பேனா நின்றுவிட்டது.

வந்தானா? வந்தாளா? இந்த நாடகத்தில் அந்த வேடத்தை ஆடியவர் ஒரு ஆண், ஹைவேயின் தம்பி ரெனே. 1989-இல் வந்த அடுத்த நாடகத்தில் அதே நானபுஷ் பெண்ணாக வருகிறது. சரி, ‘வந்தார்’ என்று போடலாமே என்றால், பால் மறைந்துவிடும். ஆனால் நானபுஷ் தாசில்தார் ஆகிவிடும். ‘வந்தது’ என்று போட்டால் பிராணி ஆகிவிடுமோ என்று பயம். அப்புறம் யோசித்தேன். நம் ஊரில் சாமியாடியின் மேல் அருள் இறங்கும்போது என்ன சொல்கிறோம்? ‘சாமி வந்திருச்சு.’ யாரும் அதை அவமரியாதை என்று நினைப்பதில்லை.

இந்தக் குழப்பம் நமக்குப் புதிதும் அல்ல. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே இதைத் தொட்டுவிடுகிறார். ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயர்களுக்கும் தெய்வத்தைக் குறிக்கும் பெயர்களுக்கும் தமக்கென்று தனி ஈறு கிடையாது, உயர்திணையின் ஈறுகளையே அவை கொள்ளும் என்கிறார். இரண்டையும் ஒரே நூற்பாவில் சேர்த்துச் சொல்கிறார் என்பதைக் கவனியுங்கள். தனி ஈறு இல்லை. ஆனால் இடம் உயர்திணையில். பல நூற்றாண்டு கழித்து நன்னூல் வருகிறது. இவர்களை ஆண்பாலாகவும் பெண்பாலாகவும் பிரித்துச் சொல்லிவிட்டு, அஃறிணை போலச் சொல்வதும் உண்டு என்று ஒரு வாசலையும் திறந்துவைக்கிறது. இலக்கணத்துக்குள்ளும் ஒருவர் மேலே இருக்கலாம், கீழே இறக்கப்படலாம்.

கிரீ மொழியில் இந்தச் சங்கடமே இல்லை. அவன், அவள் என்ற பிரிவு அந்த மொழியில் கிடையாது. இருவருக்கும் ஒரே சொல். அவர்கள் பிரிப்பது உயிருள்ளது, உயிரற்றது என்று. நம் திணைப் பாகுபாடு போல இருக்கிறதே என்று மகிழ்ந்துவிட வேண்டாம். கல் அவர்களுக்கு உயிருள்ளது. கெண்டி உயிருள்ளது. ராஸ்பெரிப் பழம் உயிருள்ளது, ஆனால் ஸ்ட்ராபெரி உயிரற்றது! ஏன் என்று கேட்டால் பாட்டிகள் சிரிப்பார்கள். உலகத்தைப் பார்த்து அந்த மொழி முதலில் கேட்கும் கேள்வி ‘உயிர் உண்டா?’ என்பது. ‘ஆணா, பெண்ணா?’ என்பதை இலக்கணம் கேட்பதே இல்லை.

பிறகு ஒருநாள் அந்தக் கேள்வியோடு கப்பல்கள் வந்தன. இன்று நான் பேசப் போகும் கலைஞர்கள், அந்தக் கேள்விக்கு விடை சொல்ல மறுத்தவர்கள்; அல்லது விடைக்குப் பதிலாகத் தங்கள் கைவேலையை எடுத்துக் காட்டியவர்கள்.

முதலாமவர் ஒரு நெசவாளர், குயவரும்கூட. பெயர் வேவா. இன்றைய நியூ மெக்ஸிகோ மாநிலத்தின் ஸூனி மக்களைச் சேர்ந்தவர். 1849 வாக்கில் பிறந்தார். ஆணுடலோடு பிறந்து, பெண்ணுடை அணிந்து, இரு சாராரின் வேலைகளிலும் பங்கு கொண்டு வாழ்ந்தவர். ஸூனி மொழியில் இப்படிப்பட்டவருக்கு ‘லமானா’ என்று பெயர். அவர்களுடைய தெய்வக் கூட்டத்திலேயே ஒரு லமானா உண்டு. சடங்கில் அந்தத் தெய்வ வேடம் கட்டுவதும் உண்டு. பிறந்த குழந்தையை ஸூனி மக்கள் இன்னும் பக்குவப்படாத ஒன்றாகவே பார்த்தார்கள் என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். வளர்ப்பும் சடங்கும் வேலையும் சேர்ந்துதான் ஆளைப் பக்குவமாக்கும். ஆண், பெண் என்பதும் அப்படி ஆகி வருவதே. ‘பச்சமண்ணு, அதுக்கு என்ன தெரியும்’ என்று குழந்தையைச் சொல்கிற நமக்கு இது எளிதில் புரியும். ஒரு குயவருக்கு இன்னும் நன்றாகப் புரிந்திருக்கும்.

1886-இல் வேவா வாஷிங்டன் நகரத்துக்குப் போனார். மானிடவியலாளர் மட்டில்டா காக்ஸ் ஸ்டீவன்சன் அழைத்துப் போனார். ஆறு மாதம் தங்கினார். ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தாருக்குத் தறி போட்டு நெய்து காட்டினார். அந்தப் புகைப்படங்கள் இன்றும் இருக்கின்றன. அதிபர் குரோவர் கிளீவ்லண்டைச் சந்தித்தார். பத்திரிகைகள் ‘ஸூனி இளவரசி’ என்று எழுதின. தலைநகரமே ஒரு பெண்ணைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருந்தது. ஸ்டீவன்சனும் அப்படித்தான் நம்பியிருந்தார்.

உண்மை தெரிந்தபோது ஸ்டீவன்சனுக்கு வந்த சிக்கல் என்ன தெரியுமா? என் சிக்கல்தான். 1904-இல் ஸூனி மக்களைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூலில் வேவாவை எந்தப் பாலில் எழுதுவது? தன் தோழியை வேறு விதமாக நினைக்கவே முடியவில்லை, ஆகவே பெண்பாலிலேயே தொடர்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுதுகிறார். அறிவியல் நூலில் நட்பு இலக்கணத்தை முடிவு செய்த இடம் அது.

1896-இல் வேவா இறந்தார். அவரைக் குளிப்பாட்டி, பெண்ணுடை உடுத்தி, அதனோடு ஒரு வெள்ளைக் கால்சட்டையையும் அணிவித்தார்கள். பெண்ணுடைக்கு மாறிய பிறகு அவர் அணிந்த முதல் ஆணுடை அதுதான் என்று ஸ்டீவன்சன் குறித்து வைத்திருக்கிறார். இரண்டையும் சேர்த்துப் போட்டு வழியனுப்பிய அந்தக் கைகளை நினைத்துப் பாருங்கள். அவர்கள் யாரிடமும் விளக்கம் கேட்கவில்லை.

இரண்டாமவரும் நெசவாளர். ஹாஸ்டீன் க்ளா, நவாஹோ இனத்தவர், 1867-இல் பிறந்தவர். நவாஹோ மொழியில் இவரை ‘நாட்லே’ என்பார்கள். நவாஹோ மக்களிடம் தறி பெரும்பாலும் பெண்களுடையது. நோய் தீர்க்கும் சடங்குப் பாடல்களும், அந்தச் சடங்கில் தரையில் வண்ணப் பொடிகளால் வரையும் மணல் ஓவியங்களும் ஆண்களுடையவை. மணல் ஓவியத்தைக் கோலம் மாதிரி நினைத்துக்கொள்ளலாம், ஒரு வித்தியாசத்தோடு: சடங்கு முடிந்ததும் அதை அழித்தே ஆக வேண்டும். வைத்திருந்தால் ஆபத்து என்பது நம்பிக்கை.

க்ளாவுக்குத் தறியும் தெரியும், நீண்ட சடங்குப் பாடல்களும் தெரியும். 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் நெய்து காட்டியவர் அவர். (நம் விவேகானந்தர் பேசினாரே, அதே ஆண்டு, அதே கண்காட்சி.) பிற்பாடு பலரும் துணியாத ஒன்றைச் செய்தார். மணல் ஓவியங்களைப் பெரிய பெரிய கம்பளங்களாக நெய்தார். அழிய வேண்டியதை நூலில் நிறுத்தியது அவருடைய மக்களில் பலரைப் பதற வைத்தது. அவர் தமக்குத் தாமே காப்புச் சடங்கு செய்துகொண்டு தொடர்ந்தார். 1937-இல், அவர் இறந்த அதே ஆண்டில், மேரி கேபட் வீல்ரைட் என்ற பெண்மணியோடு சேர்ந்து அவர் உருவாக்கிய அருங்காட்சியகம் ஸான்டா ஃபே நகரில் திறந்தது. இன்றும் இருக்கிறது.

பெண்ணின் தறியும் ஆணின் பாட்டும் ஒரே ஆளிடம் இருந்ததால்தான் அந்தக் கம்பளம் சாத்தியமானது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். ‘பால் பன்மை’ என்று இன்று பேசும்போது நம் கவனம் படுக்கையறைக்கோ அறுவைச் சிகிச்சை அறைக்கோதான் ஓடுகிறது. இந்தச் சமூகங்கள் பலவற்றில் கேட்கப்பட்டது வேறு: உனக்கு என்ன வேலை தெரியும், யாருக்கு நீ என்ன உறவு, சடங்கில் எங்கே நிற்பாய்? குழந்தைக்குப் பெயர் வைப்பவர், பிணத்துக்குச் சடங்கு செய்பவர், இரு குடும்பத்துக்கிடையே தூது போகிறவர் என்று இனத்துக்கு இனம் பொறுப்பு வேறுபட்டது. ஆசையும் உடலும் அந்த வாழ்வுக்குள் இருந்தன. ஆனால் ஆளை அடையாளம் காட்டியது அவர் ஏற்ற பொறுப்பு.

வந்தவர்கள் முதலில் உடைத்தது இந்தப் பொறுப்பைத்தான். 1513-இல் பனாமா பகுதியில் ஸ்பானியத் தளபதி பல்போவா, பெண்ணுடையில் இருந்த நாற்பது பேர் மேல் வேட்டை நாய்களை ஏவிவிட்டான். அந்தக் காட்சியை 1594-இல் தியோடோர் தெ பிரை செப்புத் தகட்டில் செதுக்கி ஐரோப்பா முழுக்கப் பார்க்க வைத்தார். அமெரிக்கப் பால் பன்மையை ஐரோப்பியக் கலை இப்படியும் காட்டியது, நாய்களின் பல்லுக்கிடையில்.

அடுத்தது சொல். பிரெஞ்சுக்காரர்கள் ‘பெர்தாஷ்’ என்றார்கள். அரபு, பாரசீக வேரிலிருந்து வந்த சொல். அடிமை, ஆசைக்கு வைத்துக்கொண்ட பையன் என்பது அதன் பொருள். நூற்றுக்கணக்கான மொழிகளில் இருந்த லமானா, நாட்லே, விங்க்டே எல்லாவற்றுக்கும் சேர்த்து இந்த ஒரே வசைச்சொல். மானிடவியல் நூல்கள் 1990-கள் வரை இதைக் கலைச்சொல்லாகவே புழங்கின.

1830-களில் ஜார்ஜ் காட்லின் என்ற ஓவியர், அழிந்துவரும் பூர்வகுடி வாழ்வைப் பதிவு செய்வதே தன் பிறவிப்பயன் என்று சொல்லிக்கொண்டு மேற்கே அலைந்தார். ஒரு விருந்தைப் பார்த்தார். பெண்ணுடையில் ஒருவர் நடுவில் நிற்க, வீரர்கள் சுற்றி ஆடுகிறார்கள். அவரைக் கௌரவிக்கும் ஆண்டு விழா. அதை வரைந்துவிட்டு, இந்த வழக்கம் மேலும் பதிவாவதற்குள் ஒழிந்துவிட வேண்டும் என்று எழுதினார். பதிவு செய்யவே பிறந்தவர், இது ஒன்றை மட்டும் பதியக் கூடாது என்கிறார்!

1890-களில் மொன்டானாவில் குரோ மக்களிடையே ஓஷ் டிஷ் என்பவர் இருந்தார். போர்க்களம் கண்டவர், எருமைத் தோலில் கூடாரம் தைப்பதில் பேர் பெற்றவர். அரசு அதிகாரி ஒருவன் அவரைப் பிடித்து முடியை வெட்டி, ஆணுடை மாட்டி, ஆண்களின் வேலைக்கு அனுப்பினான். இனத் தலைவர் ப்ரெட்டி ஈகிள் நேரே அந்த அதிகாரியிடம் போய், எங்கள் மண்ணை விட்டுப் போ என்றார். ஒருவருக்காக ஊர் எழுந்து நின்ற கதை அது. எல்லா ஊரும் அப்படி நிற்கவில்லை. நிற்கக்கூடிய ஊரை வளரவிடாமல் செய்யவே விடுதிப் பள்ளிகள் வந்தன. கனடாவில் மட்டும் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் வீட்டிலிருந்து பிரிக்கப்பட்டார்கள். பள்ளி வாசலில் ஆண் பிள்ளைகள் ஒரு வரிசை, பெண் பிள்ளைகள் ஒரு வரிசை. தாய்மொழி பேசினால் அடி. ‘ஆணா, பெண்ணா?’ என்று கேட்காத மொழியைப் பிள்ளையின் வாயிலிருந்து எடுத்த பிறகு, லமானாவையும் நாட்லேயையும் யாரும் தனியாகத் துரத்த வேண்டியிருக்கவில்லை.

இனி எழுத்துக்கு வருவோம்.

1981-இல் பெத் பிரான்ட் என்ற மோஹாக் பெண் தன் துணைவியோடு காரில் போய்க்கொண்டிருந்தார். வண்டிக்கு முன்னே ஒரு கழுகு தாழப் பறந்து மரத்தில் அமர்ந்தது. வண்டியை நிறுத்திக் கழுகைப் பார்த்தார். வீட்டுக்குப் போய் எழுத உட்கார்ந்தார். அப்போது வயது நாற்பது. இரண்டே ஆண்டில், 1983-இல், ஒரு சிற்றிதழின் சிறப்பிதழாகப் பூர்வகுடிப் பெண்களின் எழுத்தைத் தொகுத்தார். அடுத்த ஆண்டு அது நூலானது. அவர் எழுதிய ஒரு சின்னக் கதையில் நரியொன்றை ஏமாற்றலாம் என்று ஒரு பெண் கொயோட்டி (சிறு ஓநாய் போன்ற விலங்கு) ஆண் வேடம் போட்டுக்கொண்டு போகிறது. நரியும் பெண். விளையாட்டு காதலில் போய் முடிகிறது. வேடம் நரிக்கு முதலிலிருந்தே தெரியும்! நானபுஷின் உறவுக்காரியான அந்தக் கொயோட்டி, பழைய கதை மரபுக்குள்ளேயே இரண்டு பெண்களின் காதலுக்கு இடம் பிடித்துத் தந்துவிட்டது. எதிர்ப்புரை எதுவும் தேவைப்படவில்லை. பாட்டி சொல்லும் கதையின் குரலே போதுமாக இருந்தது.

அமைப்பாகத் திரள்வது அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. 1975-இல் ஸான் பிரான்சிஸ்கோவில் ராண்டி பர்ன்ஸ், பார்பரா கேமரன் என்ற இருவர் பூர்வகுடித் தற்பாலின ஈர்ப்பாளர்களுக்கான சங்கம் தொடங்கினார்கள். 1988-இல் அந்தச் சங்கம் தன் மக்களின் எழுத்தைத் தொகுத்து நூலாக்கியது. 1990-இல் கனடாவின் வினிபெக் நகரத்துக்கருகே நடந்த கூடுகையில் மைரா லாரமீ என்ற மூத்தவர் ஒரு சொல்லை முன்வைத்தார். அனிஷினாபே மொழித் தொடரின் ஆங்கில வடிவம்: ‘டூ ஸ்பிரிட்’. ‘பெர்தாஷ்’ என்ற வசையை அன்றோடு கழற்றி எறிந்தார்கள்.

இதைத் தமிழில் என்னவென்று சொல்வது? ‘ஈருயிர்’ என்று போடப் பார்த்தேன். நம் ஊரில் ஈருயிர்க்காரி என்றால் பிள்ளைத்தாய்ச்சி. ‘இரண்டு ஆவி’ என்றால் பேய்க்கதை. ‘இரட்டை ஆன்மா’ என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். நல்ல சொல் தோன்றினால் கூட்டம் முடிந்ததும் சொல்லுங்கள். ஒரு சொல் அந்த மக்களின் வாயிலிருந்தே வருவதற்கும் வெளியாள் ஒட்டும் சீட்டுக்கும் உள்ள தூரம் நமக்குத் தெரியும். ‘திருநங்கை’ என்ற சொல் நம் நாக்கில் ஏறுவதற்கு முன்னால் என்னென்ன சொல்லியிருக்கிறோம் என்பதை இந்த அவையில் திரும்பச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. லிவிங் ஸ்மைல் வித்யாவும் ரேவதியும் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எழுதிய பிறகுதான் நம் மொழியில் பலருக்கு அந்தத் தூரம் உறைத்தது.

டாம்ஸன் ஹைவேயிடம் திரும்புகிறேன். 1951-இல் மனிடோபாவின் வடகோடியில் பிறந்தவர். அப்பா வேட்டைக்காரர், நாய்வண்டிப் பந்தய வீரர். விடுதிப் பள்ளியில் வளர்ந்தார், பியானோ கலைஞரானார், அதற்குப் பிறகு நாடகத்துக்கு வந்தார். தம்பி ரெனே நடனக் கலைஞர். 1990-இல் எய்ட்ஸ் நோயின் பாதிப்பால் இறந்தார். எட்டு ஆண்டு கழித்து ஹைவே ‘கிஸ் ஆஃப் தி ஃபர் குவீன்’ என்ற நாவலை எழுதினார்.

அண்ணன் தம்பி கதை. தம்பிக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஊனிமீட்டூ. கிரீ மொழியில் ஆடுகிறவன் என்று பொருள். அதை கேப்ரியல் என்று மாற்றிவிடுகிறார்கள். விடுதிப் பள்ளியில் இரவுகளில் ஒரு பாதிரியார் அந்தப் பிள்ளைகளின் கட்டிலுக்கு வருகிறார். நாவல் அதை மறைக்கவும் இல்லை, அதிலேயே தங்கவும் இல்லை. கேப்ரியல் வளர்ந்து ஆண்களை நேசிக்கிறான், நடனத்தில் புகழ் பெறுகிறான். பள்ளி பிடுங்கிய பெயரை உடம்பு திரும்ப எடுத்துக்கொள்கிறது: ஆடுகிறவன். அண்ணன் ஜெரமையாவோ பியானோவிலும் பிறகு தன் மீதான அருவருப்பிலும் சிக்கித் தவிக்கிறான். இருவர் தலைக்கு மேலும் வெள்ளை நரித்தோல் போர்த்திய ஒரு ராணி நாவல் முழுக்கப் புன்னகைத்துக்கொண்டே வருகிறாள். வேடம் மாற்றி வேடம் மாற்றி வரும் தந்திரக்காரத் தெய்வம்தான் அவள். தம்பியின் மரணத்தில் முடியும் நாவலின் கடைசி அசைவு என்ன தெரியுமா? அந்த நரி அண்ணனைப் பார்த்துக் கண்ணடிக்கிறது. முதல்முறை படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. சாவு வீட்டில் என்ன குறும்பு? பிறகு நம் ஊர்ப் பறையும் சாவுக்கூத்தும் நினைவுக்கு வந்தன. சாவு வீட்டில் ஆடத் தெரிந்த நமக்கு அந்தக் கண்ணடிப்பு விளங்காமல் போகாது.

எழுத்தில் நானபுஷைக் கொண்டுவந்தவர் ஹைவே என்றால், ஓவியத்தில் கொண்டுவந்தவர் கென்ட் மாங்க்மன். 1965-இல் பிறந்த கிரீ ஓவியர். தனக்கு ஒரு மறு அவதாரத்தைப் படைத்தார்: மிஸ் சீஃப் ஈகிள் டெஸ்டிக்கிள். வேகமாகச் சொன்னால் ஆங்கிலத்தில் குறும்பு, தற்பெருமை என்று இரண்டும் காதில் விழும். மூன்றாவதாக விழுவதை அவையில் விளக்க முடியாது. நீண்ட கூந்தல், கழுகிறகு, உயரக் குதிகால் செருப்பு, கட்டுடல். காட்லின் போன்றவர்கள் வரைந்த அதே மாதிரியான கம்பீர நிலக்காட்சிக்குள் மிஸ் சீஃப் போய் நின்றுகொள்கிறார். 2003-இல் வரைந்த ஓர் ஓவியத்தில் வெள்ளைக்காரப் புகைப்படக்காரர் மரத்தில் கட்டிவைக்கப்பட்டிருக்கிறார். மிஸ் சீஃப் நிதானமாக அவரை வரைந்துகொண்டிருக்கிறார். பார்த்தவரும் பார்க்கப்பட்டவரும் இடம் மாறிக்கொண்டார்கள். காட்லின் ஒழிய வேண்டும் என்று எழுதிய அந்த ஆட்டத்தை 2008-இல் ஐந்து திரைகளில் காணொளியாக மீண்டும் ஆட வைத்தார் மாங்க்மன்.

2019 டிசம்பரில் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியக நுழைவு மண்டபத்தில் அவருடைய இரண்டு ஓவியங்கள் ஏறின. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 11 அடி உயரம், 22 அடி அகலம். ஒன்றில் ஒரு படகு. அதே அருங்காட்சியகத்தில் தொங்கும் புகழ்பெற்ற ஓவியத்தில் ஜார்ஜ் வாஷிங்டன் படகில் நிமிர்ந்து நின்று ஆற்றைக் கடக்கிறார் அல்லவா? மாங்க்மனின் படகில் அந்த இடத்தில் மிஸ் சீஃப் நிற்கிறார், கையில் கழுகிறகோடு. நூற்றுமுப்பது ஆண்டுக்கு முன் வேவாவை இளவரசி என்று வேடிக்கை பார்த்த நாட்டின் பெரிய அருங்காட்சியக வாசலில், உள்ளே வருகிறவர்களை வரவேற்கும் இடம் அவர் வழிவந்தவருக்குக் கிடைத்தது.

அடுத்த தலைமுறையில் ஒருவரை மட்டும் சொல்கிறேன். ஜாஷுவா வைட்ஹெட், ஓஜி-கிரீ இனத்தவர். 2018-இல் அவருடைய முதல் கவிதைத் தொகுப்பு அமெரிக்காவின் லாம்டா விருதுக்கு, திருநர் கவிதைப் பிரிவில் தேர்வுப் பட்டியலில் இடம் பெற்றது. இளம் கவிஞருக்குப் பெரிய வாய்ப்பு. அவர் விலகிக்கொண்டார். இரட்டை ஆன்மா என்பது திருநர் என்பதன் பூர்வகுடிப் பெயர் அல்ல, திருநர்க்கு உரிய இடத்தை நான் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று விளக்கம் எழுதினார். வசைச் சீட்டை மறுப்பது எளிது. பரிசோடு வரும் சீட்டை மறுப்பது கடினம். அதே ஆண்டு அவருடைய ‘ஜானி ஆப்பிள்ஸீட்’ நாவல் வந்தது. மாற்றாந்தந்தையின் சாவுக்கு ஊர் போகக் காசு சேர்க்க வேண்டும். வினிபெக்கில் இணையத்தில் தன் உடலை விற்றுப் பிழைக்கும் இளைஞன் ஜானிக்கு ஒரு வாரம் இருக்கிறது. அந்த ஒரு வாரத்தில் அவன் நினைவில் திரும்பத் திரும்ப வருகிறவள் கோக்கம், அதாவது பாட்டி. அவன் யார் என்று தெரிந்தும் கவலைப்படாத பாட்டி. 2021-இல் கனடா வானொலியின் நாடு தழுவிய வாசிப்புப் போட்டியில் அந்த நாவல் வென்றது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் எல்லாம் பொன்னாக இருந்தது, வெள்ளைக்காரன் வந்து கெடுத்தான் என்று கேட்டுவிட்டுப் போக வேண்டாம். அங்கே இருப்பது நூற்றுக்கணக்கான இனங்கள். எல்லாவற்றிலும் ஒரே வழக்கம் இருந்ததில்லை. க்ளாவைத் தந்த நவாஹோ மக்களின் மன்றமே 2005-இல் ஒருபால் திருமணம் செல்லாது என்று சட்டம் போட்டது. தலைவர் ஏற்க மறுத்தும் மன்றம் நிறைவேற்றியது. விடுதிப் பள்ளியில் கற்ற வெட்கத்தை ஊரே தன் மரபு என்று நம்பத் தொடங்கிவிடுகிறது. ஆகவே இந்தக் கலைஞர்கள் இரண்டு பக்கமும் பேச வேண்டியிருக்கிறது, வந்தவனிடமும் வீட்டாரிடமும். கூத்தாண்டவர் கோயிலையும் அர்த்தநாரியையும் காட்டி ‘நம்மிடமும் இருந்ததே’ என்று பெருமைப்படும் நாமும் இதை யோசிக்கலாம். கோயிலில் தெய்வமாக வைத்த ஒன்றை வீட்டு வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறோமா, உள்ளே விட்டிருக்கிறோமா?

என் வினைமுற்றுக்குத் திரும்புகிறேன். கடைசியில் நானபுஷை எப்படி மேடைக்குக் கொண்டுவந்தேன்?

பல நாள் கழித்துத்தான் கண்ணில் பட்டது. தமிழ் வாக்கியம் பாலைக் கேட்பது அதன் கடைசிச் சொல்லில் மட்டும். வந்து, நின்று, பார்த்து, சிரித்து என்று எச்சமாகப் போய்க்கொண்டிருக்கும்வரை அது ஆணா பெண்ணா என்று எந்த இடத்திலும் கேட்பதில்லை. வந்த, ஆடிய, பாடிய என்றாலும் கேட்பதில்லை. முற்றுப் போடும்போதுதான் கேட்கிறது. வேவாவிடமும் ஓஷ் டிஷிடமும் வந்தவர்கள் கேட்டது அந்த முற்றைத்தான். நெய்துகொண்டும் தைத்துக்கொண்டும் பாடிக்கொண்டும் அவர்கள் வாழ்ந்தது எச்சத்தில்.

எச்சம் என்றால் நமக்கு மிஞ்சியது என்றும் பொருள் உண்டே. அரசு பூர்வகுடிகளுக்கு ஒதுக்கிய குடியிருப்பைக் கிரீ மொழியில் ‘இஸ்கோனிகன்’ என்கிறார்கள். மற்றவர்கள் எடுத்துக்கொண்டது போக மிஞ்சியது என்பது அதன் பொருள். 2010-இல் ஹைவே தன் நாடகத்தைக் கிரீ மொழியிலேயே வெளியிட்டபோது தலைப்பில் அந்தச் சொல்லைத்தான் வைத்தார். மிச்ச நிலத்தின் பெண்கள். அதைப் பார்த்த பிறகு எனக்குத் தயக்கம் தீர்ந்தது. இலக்கண ஆசிரியர்கள் மன்னிக்க வேண்டும்; என் கையெழுத்துப் பிரதியில் அந்த வாக்கியத்துக்கு முற்றே இல்லை. அதைப் படித்துவிட்டு இறங்குகிறேன்:

நானபுஷ் வந்து, நடுவில் நின்று, அவையை ஒரு சுற்றுப் பார்த்து, யாருக்கோ கண்ணடித்து, ஆடி…